நூற்றுப் பதினெட்டுச் செவ்வந்திக் கன்றுகள்

என் பெயர் உருத்திரமூர்த்தி. பெயருக்கேற்ற கோபம் எனக்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்பத்தெட்டாம் ஆண்டு நடந்த இந்த விசயத்தில் நான் கோபிக்க வேண்டிய ஆள் நான் ஒருவன்தான். அதனாலேயே இத்தனை காலமும் இதை ஒருவருக்கும் முழுதாகச் சொல்லவில்லை.

அப்போது நான் சுவிஸில், துன் நகரில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஊரில் சங்கக்கடை மனேச்சர், இங்கே கோப்பை. சரி, அதை விடுங்கள். ஹோட்டலின் கூரைக்குக் கீழே எனக்கும் மரியதாசுக்கும் சேர்த்து ஓர் அறை தந்திருந்தார்கள். மரியதாஸ் பாஷையூர்க்காரன், கத்தோலிக்கன், அதே குசினியில் உருளைக்கிழங்கு உரிப்பவன். வாயைத் திறந்தால் நக்கல்தான். அவனோடு ஒரே அறையில் இரண்டு வருசம் இருந்தும் நான் கொலைகாரன் ஆகவில்லை என்றால் எனக்குப் பொறுமையும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

அந்த வருசம் எனக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் சிவகலா. லோசானில் ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்யும் சச்சிதானந்தன் அண்ணையின் தங்கை. அவளும் அங்கே முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தாள். அவளுடைய படம் எனக்கு வந்தது, என் படம் அவளுக்குப் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய அப்பா பஞ்சாங்கம் பார்த்து, வைகாசிக் கடைசி ஞாயிறு, ஜூன் பன்னிரண்டு என்று நாள் குறித்து எழுதிவிட்டார். பதிவும் தாலிகட்டும் அதே கிழமையில். நாங்கள் இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேசன் டெலிபோன் பெட்டிக்குள் நின்று கதைப்பதுதான் எங்கள் பழக்கம்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் திடீரென்று கேட்டாள்.

"உங்களுக்கு ஒண்டு சொல்லட்டோ? சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"கலியாணம் நடக்கிறது பள்ளிக்கூட ஹோலில. கோயில் இல்லை. மேளம் கசெட்டில. அப்பா அம்மாவுக்குப் பதிலா கதிரையில படம். ஐயர் கூட முழு ஐயர் இல்லையாம், பாங்கில வேலை செய்யிறவராம். இனி மாலையும் பிளாஸ்ரிக் எண்டு அண்ணை சொல்லுறார். எல்லாமே பொய்யா இருக்கு. ஒண்டாவது உண்மையா இருக்கட்டுமே எண்டு நினைச்சு நேற்று முழுக்க அழுதனான்."

அந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனிதன் என்ன சொல்லியிருப்பான்? "கவலைப்படாதையுங்கோ, பார்ப்பம்" என்றிருப்பான். நான் சொன்னது இது: "மாலைக்கு நானே பூ வளர்ப்பன். என்ர கையாலை நட்டுத் தண்ணி ஊத்தி. கடைப் பூ ஒண்டு கூட இருக்காது. இது சத்தியம்."

அவள் மெதுவாகக் கேட்டாள். "உண்மையாவோ? நீங்கள் எனக்குத் தாற முதல் வாக்கு இது. நான் பிடிச்சு வைச்சுக்கொள்ளுவன்."

மிதந்துகொண்டுதான் அறைக்கு வந்தேன். மரியதாஸ் கட்டிலில் கிடந்து எல்லாவற்றையும் கேட்டான்.

"மச்சான், நீ எப்பவாவது ஒரு கன்று நட்டிருக்கிறியோ?"

"என்ர அப்பு தோட்டக்காரன்ரா."

"அப்பு தோட்டக்காரன். நீ?"

நான் வரம்பில் நின்று பார்த்தவன். அதை அவனிடம் சொல்ல எனக்கென்ன விசரா?

நிலம் கிடைத்தது கெர்பரால். அவன் ஹோட்டல் வெதுப்பகத்தில் பாண் போடுகிறவன், என் வயதுதான். ரயில் பாதைக்குப் பக்கத்தில் நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டுகளில் ஒன்று அவனுடையது. விசயத்தைச் சொன்னதும் பாதித் துண்டை எடுத்துக்கொள் என்றுவிட்டான். மாலைக்கு எது தோது என்று யோசித்துச் செவ்வந்தியை முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் செவ்வந்தி என்று சொல்லும் அந்த ஆரஞ்சுப் பூவை இங்கே டாகெடெஸ் என்கிறார்கள். விதை போட்டு எழுபத்தைந்து நாளில் பூக்கும் என்று பைக்கற்றில் போட்டிருந்தது. ஜூன் பன்னிரண்டிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். கொஞ்சம் கூடக் கிடக்கட்டும் என்று மார்ச் தொடக்கத்திலேயே குசினியில் சேர்த்த யோகட் கோப்பைகளில் மண் போட்டு விதைத்து, அறை யன்னலோரமும் மேசையும் நிலமும் நிறைய வைத்தேன். நூற்றுப் பதினெட்டு முளைத்தது.

"நான் கால் வைக்க ஒரு இடம் காட்டடா" என்று மரியதாஸ் கத்துவான். ஆனால் நான் வேலையில் நின்றால் தண்ணீர் ஊற்றுகிறவனும் அவன்தான்.

இனித்தான் என் கெட்டித்தனம். அம்மா ஊரிலிருந்து பஞ்சாங்கம் அனுப்பியிருந்தார். அதில் சித்திரை வருசப் பிறப்புக்கு அடுத்த நாள், புதுக் கருமம் தொடங்க உத்தமமான நேரம் காலை பத்துப் பத்திலிருந்து பதினொன்று நாற்பது வரை என்று இருந்தது. கலியாணப் பூ அல்லவா, நாள் நேரம் பார்க்காமல் நடலாமா? அதுவும் ஏப்ரல் மாதம் அப்படி ஒரு வெயில். எல்லாரும் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு ஏரிக்கரையில் இருந்தார்கள்.

"பத்துப் பத்து எண்டால் எந்த ஊர் பத்துப் பத்து?" என்றான் மரியதாஸ்.

நல்ல கேள்விதான். பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்துக்குக் கணித்தது. மூன்றரை மணித்தியாலம் கழித்தால் இங்கே காலை ஆறு நாற்பது. விடிகாலைக் குளிரில் கையுறை போட்டுக்கொண்டு ஆறு நாற்பதுக்கு முதல் கன்றை நட்டேன். எட்டுப் பத்துக்குள் நூற்றுப் பதினெட்டையும் நட்டு முடிக்க வேண்டும் என்று குனிந்தவன் நிமிரவில்லை. இடுப்பு போய்விட்டது.

இரவு வேலை முடித்துவந்த கெர்பர் வேலிக்கு அப்பால் பாண் பையோடு நின்று பார்த்தான். முகம் மாறியது.

"இப்ப வேண்டாம்" என்றான் ஜெர்மனில், எனக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக. "ஐஸ்ஹைலிகே. மே பதினைந்து வரை பொறு."

பனிப் புனிதர்கள். மே நடுவில் வரிசையாகச் சில புனிதர்களின் நாள் வருமாம். பங்கிராஸ், செர்வாஸ், பொனிஃபாஸ், கடைசியில் சோஃபி என்றொரு அம்மா. அவர்கள் போகும்வரை குளிர் திரும்பி வரக்கூடும், அதனால் இங்கே ஒருவரும் மென்மையான கன்றுகளை வெளியே வைக்க மாட்டார்களாம். பக்கத்துத் துண்டுகளைப் பார்த்தேன். உண்மைதான், வெங்காயமும் கீரையும் தவிர ஒன்றும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. மே பதினைந்து வரை பொறுத்தால் ஜூன் பன்னிரண்டுக்குப் பூ எங்கே? எங்கள் பிள்ளையாரை வைத்துத் தொடங்கிய கருமத்தை உங்கள் சோஃபி அம்மாவா வந்து தடுப்பது? அவனிடம் "நோ ப்ரொப்ளேம்" என்று சொல்லித் தோளில் தட்டினேன்.

அறைக்கு வந்து மரியதாசிடம் கேட்டேன். "உந்தப் புனிதர்கள் உங்கட ஆக்கள்தானே? ஆர் இவையள்?"

"எங்கட ஆக்கள்தான். ஆனா குளிருக்குப் பொறுப்பு எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றான். "எதுக்கும் சாமியளோட கொழுவாதை மச்சான்."

ஏப்ரல் முழுக்கக் கன்றுகள் என்னை ஏமாற்றவில்லை. மே பிறந்தபோது முழங்கால் உயரம். உச்சியில் பச்சை மொட்டு. டெலிபோனில் சிவகலாவிடம், "மொட்டு வந்திட்டுது" என்று கத்தினேன். பெட்டிக்கு வெளியே நின்ற சுவிஸ்காரி பயந்துபோனாள். சிவகலா சிரித்தாள், பிறகு சொன்னாள், "நான் வந்து பார்க்கப் போறன். அண்ணையைக் கேட்டிட்டன். மே பதினைஞ்சு, ஞாயிறு வாறம்."

பதினோராம் தேதி வடக்கிலிருந்து காற்று அடித்தது. வானம் துடைத்ததுபோல் இருந்தது. நல்ல வானம் என்றுதான் நான் நினைத்தேன்.

பன்னிரண்டாம் தேதி வியாழன், விண்ணேற்றத் திருநாள். மரியதாஸ் காலைப் பூசைக்குப் போகிற வழியில் தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் பூசைக்குப் போகாமலே திரும்பி ஓடி வந்தான். அவன் முகத்தில் நக்கல் இல்லை. அதைப் பார்த்ததுமே தோட்டத்துக்கு ஓடினேன்.

புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. செவ்வந்திகள் நின்ற நிலையில் கறுத்துப்போய், வேகவைத்த கீரைபோல் தொங்கின. ஒன்றைத் தொட்டேன், கையோடு வந்தது. வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தேன். ஒன்று? ஒன்றே ஒன்று? ஐயோ, ஒன்று கூட இல்லை. முதல் புனிதர் பங்கிராசின் நாளிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் குந்தியிருந்து அழுதேன். வெட்கம் என்ன வெட்கம், சின்னப் பிள்ளைபோல் அழுதேன். கோதாரியில் போன பஞ்சாங்கம் என்று திட்டினேன். பிறகு பஞ்சாங்கத்தைத் திட்டி என்ன பயன் என்று என்னையே திட்டினேன். கெர்பர் அவ்வளவு தெளிவாகச் சொன்னானே!

"என்ன செய்யப் போறாய்?" என்றான் மரியதாஸ்.

"டெலிபோன் எடுத்து வர வேண்டாம் எண்டு சொல்லப் போறன்."

"விசரா? சச்சிதானந்தன் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு உனக்குத் தெரியாது. வாய்ப்பேச்சுக்காரன் எண்டு சொல்லிக் கலியாணத்தையே குழப்பிப் போடுவார். நீ சும்மா இரு. நான் பார்க்கிறன்."

சும்மா இருந்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது பிழை. சனிக்கிழமை பின்னேரம் அவன் ஒரு தள்ளுவண்டி நிறையச் சட்டிகளோடு வந்தான். நாற்றுப்பண்ணையில் வாங்கிய டாகெடெஸ், கண்ணாடி வீட்டில் வளர்ந்தவை, எல்லாம் பூத்துக் குலுங்கின. அறுபது சட்டி. கறுத்த கன்றுகளைப் பிடுங்கி மூலையில் குப்பைக் குவியலில் போட்டோம். சட்டிகளைக் கவிழ்த்து, மண்கட்டியோடு பூக்களைப் பாத்தியில் இறக்கினோம். ஒரு மணித்தியாலத்தில் தோட்டம் தங்கமாக ஜொலித்தது. "குளிர் வந்தால் என்ர போர்வையாலை மூடுவன்" என்று மரியதாஸ் சொன்னான், அப்படியே மூடவும் செய்தான்.

"ஆருக்குத் தெரியப் போகுது?" என்றான்.

ஒருவருக்கும் தெரியாது. அதுதான் என்னை அரித்தது.

ஞாயிறு காலை பத்தேகாலுக்கு ரயில் வந்தது. சச்சிதானந்தன் அண்ணை முன்னால் இறங்கினார், கோட்டும் கழுத்துப்பட்டியும். பின்னால் சிவகலா. நீலச் சேலைக்கு மேல் தடித்த கம்பளிச் சட்டை. படத்தில் இருந்ததைவிட உயரம். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வழியெல்லாம் அண்ணைதான் கதைத்தார், நான் "ஓம் ஓம்" என்றுகொண்டு வந்தேன்.

தோட்டப் படலையைத் திறந்ததும் சிவகலா அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மாடி!" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "நான் உண்மையா நம்பேல்லை. ஆம்பிளையள் எல்லாம் சொல்லுறதுதானே எண்டு நினைச்சனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லையே தம்பி, நீர் கெட்டிக்காரன்" என்றார் அண்ணை. மரியதாஸ் வானத்தைப் பார்த்தான்.

அவள் குனிந்து ஒரு பூவை மெல்லத் தொட்டாள். "எப்ப நட்டனீங்கள்?"

"வருசப் பிறப்புக்கு அடுத்த நாள்" என்றேன். அது பொய் இல்லை. அதுதான் கொடுமை. எல்லாமே பொய்யாக இருக்கிறது, ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும் என்று அழுதவள் இவள். இவளிடமா இதைச் செய்கிறேன்? இந்தப் பூவைக் கட்டி இவள் கழுத்தில் போட்டுவிட்டு, பிறகு ஐம்பது வருசம் இவள் முகத்தைப் பார்ப்பேனா?

"இது நான் நட்டது இல்லை" என்றேன்.

"மச்சான்!" என்றான் மரியதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ பேசாமல் இரடா. சிவகலா, இது நேற்று வாங்கினது. நான் நட்டதெல்லாம் அங்கை கிடக்கு." மூலைக் குவியலைக் காட்டினேன். "பனி அடிச்சுச் செத்துப்போச்சு. நட வேண்டாம், பொறு எண்டு இந்த ஊர்க்காரன் சொன்னவன். நான் கேக்கேல்லை."

அண்ணையின் முகம் சிவந்தது. "அப்ப நீர் எங்களை ஏமாத்த நினைச்சனீரோ?"

"ஓம் அண்ணை. நினைச்சனான். முகத்தைப் பார்த்த பிறகு ஏலாமல் போட்டுது."

"நடடி" என்றார் அவர் தங்கையிடம். "அடுத்த ரயிலுக்குப் போவம். முதல் வாக்கிலையே ஏமாத்துறவனுக்கு நான் உன்னைத் தரமாட்டன்."

சிவகலா நடந்தாள். ஆனால் படலைப் பக்கம் அல்ல, குவியல் பக்கம். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, கறுத்த கன்று ஒன்றை எடுத்து வேரைப் பார்த்தாள். பிறகு இன்னொன்று. உச்சியில் கருகிய மொட்டை விரலால் பிரித்தாள். உள்ளே கொஞ்சம் ஆரஞ்சு இருந்தது.

"எத்தினை?"

"நூற்றிப் பதினெட்டு."

"எல்லாம் உங்கட கையாலையோ?"

"ஓம். விதையிலை இருந்து."

"அவன்ர யோகட் கோப்பையளாலை நான் ஒண்டரை மாதம் யன்னல் திறக்கேல்லை, தங்கச்சி" என்றான் மரியதாஸ்.

"பொறு எண்டு சொல்லியும் ஏன் அண்டைக்கே நட்டனீங்கள்?"

சொன்னேன். பஞ்சாங்கம், உத்தம நேரம், மூன்றரை மணித்தியாலம் கழித்தது, ஆறு நாற்பது, கையுறை, இடுப்பு. சொல்லச் சொல்ல அவள் உதட்டைக் கடித்தாள். ஆறு நாற்பதில் அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அண்ணை, அப்பா எங்கட நாளை எதிலை பார்த்தவர்?"

"பஞ்சாங்கத்திலை. ஏன்?"

"இதே பஞ்சாங்கம்தானே? செவ்வந்திக்குப் பிழைச்ச பஞ்சாங்கம் எனக்கும் பிழைச்சிருக்கும். பூவில்லாத மாதத்திலை எனக்கு ஏன் கலியாணம்?"

"பேய்க்கதை கதையாதை. இவன் பொய்..."

"பொய் சொல்ல வெளிக்கிட்டவர்தான். ஆனா சொல்லேல்லையே. நாங்கள் நம்பிட்டம், நீங்கள் கெட்டிக்காரன் எண்டும் சொல்லிட்டியள். வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால் காணும். அதை விட்டிட்டுச் செத்ததைக் காட்டுறார்." அவள் கையில் அந்தக் கறுத்த கன்று இன்னும் இருந்தது. "எனக்கு இந்த ஆள் காணும் அண்ணை. ஜூனிலை இல்லை. இவர் நட்டது எப்ப பூக்குதோ அப்ப."

மரியதாஸ் மூக்கை உறிஞ்சினான்.

"விதை மிச்சம் இருக்கோ?" என்று என்னைக் கேட்டாள்.

பாதிப் பைக்கற் இருந்தது. மேற்சட்டைப் பையில்தான் இருந்தது. வெளியே எடுத்தபோதுதான் கெர்பர் தக்காளிக் கன்றுகள் அடுக்கிய பெட்டியோடு படலைக்கு வந்தான். சோஃபியின் நாள் இன்றுதான், கன்று நாளைக்குத்தான் நட வேண்டும், ஆனால் விதை என்றால் இன்றைக்கே போடலாம், அது மண்ணுக்கு மேலே தலை காட்ட ஒரு கிழமை எடுக்கும், அதற்குள் சோஃபி போய்விடுவாள் என்றான். இந்த முறை நான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். சரியா என்று திருப்பியும் கேட்டேன்.

நாற்றுப்பண்ணைப் பூக்களை மரியதாஸ் திரும்பச் சட்டியில் ஏற்றினான். மாதா கோயிலுக்குக் கொடுக்கப் போகிறானாம், சோஃபி அம்மாவோடு சமாதானமாம். காலியான பாத்தியில் நான் விரலால் கீறிக்கொண்டு போக, சிவகலா பின்னால் விதை போட்டுக்கொண்டு வந்தாள். நாள் எண்ணினோம். ஓகஸ்ட் தொடக்கத்தில் பூக்கும், அது ஆடி, ஆடியில் கலியாணம் ஆகாது. அதுக்கென்ன, பூ ஐப்பசிக் குளிர் வரை நிற்கும், ஆவணி இருக்கிறதே என்றாள்.

அண்ணை அடுத்த ரயிலுக்குப் போகவில்லை, அதற்கு அடுத்ததுக்கும் போகவில்லை. கெர்பரின் கதிரையில் எங்களுக்கு முதுகு காட்டி இருந்தார். பின்னேரம் கழுத்துப்பட்டியைத் தளர்த்தி, கோட்டுப் பையிலிருந்து நீல விமானத் தபால் கடதாசி ஒன்றை எடுத்தார்.

"பேனை இருக்கோ?" என்றார் என்னிடம், முகத்தைப் பார்க்காமல்.

கொடுத்தேன். முழங்காலில் வைத்து எழுதினார். எழுதி முடித்து, மடிக்க முதல், நான் வாசிக்கட்டும் என்பதுபோல் என் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடித்தார்.

"அப்பாவுக்கு, நாங்கள் சுகம். மாப்பிள்ளையை இன்று பார்த்தோம். ஆளில் பிழையில்லை, நாளில்தான் பிழை. ஆவணியில் ஒன்று பார்த்து எழுதுங்கள்."